விண்ணப்பத்தில் 'தலைவர்' என்று ஒரு கட்டம்

மூன்று வாரமாக ராத்திரி எட்டரை மணிக்கு மேல் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரே வேலைதான். எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு மீனவ ஊரிலிருந்து ஒரு தங்கச்சி வருவாள். பையில் நான்கு நோட்டுப் புத்தகம், ஒரு பழைய போன், அவள் அம்மா கொடுத்தனுப்பிய கருவாடு. நான் லேப்டாப்பைத் திறப்பேன். சுற்றுச்சூழல் நீதிக்காகவும் இயற்கைப் பாதுகாப்புக்காகவும் உழைக்கிற 'வளர்ந்துவரும் தலைவர்களுக்கு' வெளிநாட்டு நிதியம் ஒன்று விருதும் பணமும் தருகிறது, அதற்கான விண்ணப்பம். பதினோரு கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில், ஒவ்வொன்றுக்கும் இத்தனை சொல்தான் என்று கணக்கு உண்டு. நான் பத்துப் பன்னிரண்டு வருடம் சின்னச் சின்ன தொண்டு அமைப்புகளுக்குக் கணக்கும் அறிக்கையும் எழுதியவள் என்பதால் இந்த மாதிரி வேலை என்னைத் தேடி வரும். இந்த முறை எழுத எழுத மனதில் நிறைய சேர்ந்துவிட்டது, அதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

அவளுக்கு 24 வயது. பி.காம். படித்துவிட்டு ஒரு கூரியர் கம்பெனியில் கொஞ்ச நாள் வேலை பார்த்தாள், விட்டுவிட்டாள். அந்த நான்கு நோட்டிலும் மூன்று வருடத்துக் கழிமுகம் இருக்கிறது. தேதி, நேரம், ஏற்றமா வற்றமா, தண்ணீர் என்ன நிறம், அனல்மின் நிலையத்துச் சாம்பல் எது வரைக்கும் வந்து படிந்திருக்கிறது, இறங்கினால் கணுக்கால் புதைகிறதா முழங்கால் புதைகிறதா, தண்ணீருக்குள் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு அன்றைக்கு எவ்வளவு கிடைத்தது. சாம்பல் குழாய் உடைந்த ஒவ்வொரு முறையும் போனில் படம், படத்துக்குக் கீழே இடம். 2022-க்குப் பிறகு வரும் பக்கங்களில் அடிக்கடி 'காக்கா ஆழி' என்று எழுதியிருக்கிறாள். அது தென் அமெரிக்கக் கடற்கரைகளுக்கு உரிய ஒரு சிப்பி, கப்பல்களோடு வந்திருக்கும் என்கிறார்கள். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அடித்தரையில் பாய் விரித்த மாதிரி ஒட்டிக்கொண்டு இறால் ஒதுங்குகிற சேற்றையே மூடிவிட்டது. எந்தத் திட்டில் எப்போது முதலில் பார்த்தார்கள் என்பதுகூட அவளுடைய நோட்டில் இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றை மூடியது பலருக்கு நினைவிருக்கும். படகு, வலை, கரையில் இருந்த வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்துப்போய், ஆட்கள் பக்கெட்டும் மக்கும் வைத்து எண்ணெயை அள்ளினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அந்த மாதத்துக்கு மட்டும் அவளிடம் ஒரு தனி நோட்டு. எந்த வீட்டில் யாருக்கு மூச்சுத் திணறல், எத்தனை படகு, எத்தனை வலை என்று ஊர் ஊராகப் போய் எழுதியது. யாரும் அவளை அனுப்பவில்லை, யாரும் பணம் கொடுக்கவில்லை.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு கேள்விகள் எளிது. மூன்றாவது கேள்வியில் ஆறு நாள் நின்றோம். 'உங்கள் தலைமைப் பண்பு வெளிப்பட்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்.' தமிழில் சொன்னதும் அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நான் எங்க தலைவி? தலைவருங்க ஊர்ல இருக்காங்களே" என்றாள்.

அவள் அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. மீனவ ஊரில் தலைவர் என்றால் அது கிராம நிர்வாகத்தில் இருக்கிற ஆட்கள். ஊர்க்கூட்டம் போடுவது, வரி பிரிப்பது, கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பது, அதிகாரிகளிடம் பேசுவது எல்லாம் அவர்கள். ஆண்கள். கூட்டம் நடக்கும்போது பெண்கள் வட்டத்துக்கு வெளியே நின்று கேட்கலாம், உள்ளே உட்கார முடியாது. இப்படி ஓர் ஊரில் ஒரு 24 வயதுப் பெண் தன்னை 'தலைவர்' என்று எழுதி, அதற்கு விருது வாங்கி, அது பேப்பரில் படத்தோடு வந்தால், மறுநாள் அவள் அந்த ஊரில் எப்படி நடப்பாள் என்று நிதியத்தில் இருப்பவர்கள் யோசித்திருப்பார்களா? ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவள் எழுதிய எண்ணெய்க் கணக்கை நிவாரண மனுவோடு இணைத்ததே கிராம நிர்வாகத்து ஆட்கள்தான். அதில் அவள் பெயர் இல்லை, அவ்வளவுதான். அவளுக்கு அது பெரிய குறையாகவும் இல்லை, எனக்குத்தான் இருந்தது.

கடைசியில் அந்தக் கட்டத்தில் இப்படி எழுதினோம்: எங்கள் ஊரில் முடிவெடுப்பவர்கள் வேறு, முடிவெடுக்கத் தேவையான கணக்கை வைத்திருப்பவள் நான். இதைத் தலைமை என்று எடுத்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை. உண்மை அதுதான், அதனால் அப்படியே விட்டோம்.

அவள் போன பிறகு ராத்திரி உட்கார்ந்து பழைய விருதாளர்கள் பட்டியலைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. சுற்றுச்சூழல் விருதுகளின் உலகத்தில் பெரிய பெயர் கோல்ட்மேன் பரிசு. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கோல்ட்மேன் தம்பதி 1989-இல் தொடங்கியது, 1990 முதல் உலகத்தை ஆறு பகுதியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள், சாதாரண ஜனங்களிலிருந்து எழுந்து வந்தவர்களுக்கு என்றே. இந்தியாவிலிருந்து மேதா பட்கர் 1992-இல் வாங்கினார். எனக்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வருவது 2004-ஆம் வருடம். போபால் விஷவாயுவில் பாதிக்கப்பட்ட ரஷீதா பீயும் சம்பா தேவி சுக்லாவும் சேர்ந்து வாங்கினார்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. இரண்டு பேரும் பாதிக்கப்பட்ட பெண்களுக்காகத் திறந்த எழுதுபொருள் தயாரிப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். கூலிக்காகச் சங்கம் கட்டி, 1989-இல் போபாலிலிருந்து டெல்லிக்கு நடந்தே போனார்கள், 750 கிலோமீட்டர், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு. பரிசுத் தொகை 1,25,000 டாலர். அந்தப் பணத்தை வைத்து சிங்காரி அறக்கட்டளை தொடங்கினார்கள். விஷவாயுவாலும் நஞ்சேறிய நிலத்தடி நீராலும் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு அங்கே உடற்பயிற்சி சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் தருகிறார்கள். அதோடு, நாட்டின் வேறு மூலைகளில் நிறுவனங்களை எதிர்த்து நிற்கிற பெண்களுக்காக ஒரு விருதையும் ஏற்படுத்தினார்கள். தங்களுக்குக் கிடைத்த விருதிலிருந்து இன்னொரு விருதை உண்டாக்கியிருக்கிறார்கள், அதுவும் அடுத்த பெண்ணுக்கு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். விஷவாயு 1984-இல், நடை 1989-இல், பரிசு 2004-இல். இடையில் இருக்கிற பதினைந்து வருடத்துக்கு அவர்களுடைய வீட்டில் அரிசி எப்படி வந்தது?

நம் ஊரில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா. கீழத்தஞ்சைப் பக்கம் நிலமில்லாத தலித் பெண்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கியவர். தொண்ணூறுகளில் நாகை கடற்கரையில் இறால் பண்ணைகள் வந்து நெல் வயலையும் குடிதண்ணீரையும் உப்பாக்கியபோது, அவரும் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அந்த ஜனங்களோடு நின்றார்கள். ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கிற இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எல்லோரும் படிக்கிற தீர்ப்பு அது. மாற்று நோபல் என்று சொல்லப்படுகிற ரைட் லைவ்லிஹுட் விருது அவர்கள் இருவருக்கும் வந்தது 2008-இல். அப்போது அம்மாவுக்கு வயது 82. விருதை நான் குறைத்துச் சொல்லவில்லை. யாகோப் வான் உக்ஸ்குல் என்பவர் தன்னுடைய தபால்தலைச் சேகரிப்பை விற்றுத் தொடங்கிய விருது அது, அதன் பட்டியலில் இருப்பது பெருமைதான். ஆனாலும் 82 வயதில் வருகிற அங்கீகாரம் 42 வயதில் வந்திருந்தால் எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விருது ஒரு கவசம் என்று சொல்வார்கள். பேர் வெளியே தெரிந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று. எனக்கு இதில் முழு நம்பிக்கை கிடையாது. எண்ணெய்க் கம்பெனிகளின் மாசை எதிர்த்துப் போராடிய நைஜீரிய எழுத்தாளர் கென் சாரோ-விவா 1995-இல் கோல்ட்மேன் பரிசு பெற்றபோது சிறையில் இருந்தார், அதே வருடம் நவம்பரில் தூக்கிலிட்டார்கள். ஹோண்டுராஸில் அணைக்கு எதிராக லென்கா பழங்குடி மக்களைத் திரட்டிய பெர்தா காசெரஸ் 2015-இல் பரிசு வாங்கினார், 2016 மார்ச்சில் வீட்டில் வைத்தே சுட்டுக் கொன்றார்கள். சத்தீஸ்கரில் ராய்கட் என்கிற ஊரில் ஒரு சின்ன இன்டர்நெட் கடை வைத்திருந்த ரமேஷ் அகர்வால், நிலக்கரிச் சுரங்கங்கள் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுக் கேட்டு கிராமத்து ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர், 2012-இல் அந்தக் கடையிலேயே சுடப்பட்டார். காலில் குண்டோடு பிழைத்தார், பரிசு 2014-இல். அவளுடைய விண்ணப்பத்தில் 'பாதுகாப்பு' என்று ஒரு கேள்வி இருந்தது, அதில் ரொம்ப யோசித்துத்தான் எழுதினோம். யாருடைய குழாய், எந்தப் பொறியாளர் என்ற விவரமெல்லாம் எழுதவில்லை.

இளம் வயதுக்காரர்களுக்கு என்றே சில விருதுகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெதர்லாந்திலிருந்து கொடுக்கிற ஃபியூச்சர் ஃபார் நேச்சர் விருது 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, 50,000 யூரோ. 2019-இல் அதைப் பெற்றவர்களில் திவ்யா கர்நாட் ஒருவர், எந்தப் பருவத்தில் எந்த மீனை வாங்கலாம் என்று சாப்பிடுகிறவர்களிடமும் சமையல்காரர்களிடமும் பேசத் தொடங்கிய கடல் ஆய்வாளர். திருவண்ணாமலையில் இஸ்திரி வண்டிகளின் கரிப்புகையைப் பார்த்துவிட்டு சூரிய சக்தி இஸ்திரி வண்டி வடிவமைத்த வினிஷா உமாசங்கர் 2020-இல் ஸ்வீடனின் குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசு பெற்றார், மறுவருடம் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் பேசினார், அப்போது பள்ளி மாணவி. தமிழ்நாடு அரசும் பசுமை முதன்மையாளர் விருது என்று தனிநபர்களுக்கும் அமைப்புகளுக்கும் 1 லட்சம் ரூபாய் கொடுக்கிறது. இதெல்லாம் நல்லதுதான், இன்னும் நிறைய வரட்டும்.

நான் மனதார மதிக்கிற உதாரணம் ஒன்று வால்பாறையில் இருக்கிறது. ஆனைமலைக்கு நடுவே தேயிலைத் தோட்டங்களும் காட்டுத் துண்டுகளுமாக இருக்கிற மேட்டுநிலம் அது, யானைகளுக்கு அதுதான் பாதை. அங்கே யானையால் நடந்த சாவுகளில் பெரும்பாலானவை எதிரே யானை நிற்பது தெரியாமல், இருட்டில் கடைக்கோ வீட்டுக்கோ நடந்து போகிறவர்களுக்கு நடந்தவை. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்த குமாரும் அவருடன் வேலை செய்பவர்களும் 2002-இலிருந்து யானைகளைப் பின்தொடர்ந்து, யானை எங்கே நிற்கிறது என்பதை உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்தாகவும், 2011-இலிருந்து போனில் குறுஞ்செய்தியாகவும், செய்தி படிக்க முடியாதவர்களுக்குத் தமிழில் குரல் அழைப்பாகவும், சாலை ஓரத்தில் கம்பத்து மேல் சிவப்பு விளக்காகவும் சொன்னார்கள். அந்த விளக்கை எரிய வைப்பது அந்தந்தப் பகுதியிலேயே இருக்கிற ஓர் ஆள், தன் போனிலிருந்து. 2015-இல் இதற்கு, இயற்கைப் பாதுகாப்புக்காக இங்கிலாந்தில் கொடுக்கிற விட்லி விருது கிடைத்தது, 35,000 பவுண்டு. அந்த ஏற்பாட்டை இன்னும் பல இடத்துக்குக் கொண்டுபோக அது உதவியது. இதிலும் வரிசை அதேதான்: பல வருட உழைப்பு முதலில், விருது பிறகு. அந்தப் பல வருடத்தை ஓர் ஆராய்ச்சி அமைப்பு தாங்கியது. எண்ணூர்ப் பெண்ணைத் தாங்குவது அவள் அம்மா தலையில் தூக்குகிற மீன் கூடை.

நேரம் என்று ஒரு விஷயம் இருக்கிறது, இதுதான் எனக்கு மிகவும் ஆதங்கம். ஒரு பெரிய தொழிற்சாலையோ துறைமுகமோ வருகிறது என்றால், பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னால் அறிவிப்பு வரும். அந்த 30 நாளில் பல நூறு பக்க ஆங்கில அறிக்கையைப் படித்து, எங்கே தப்பு என்று பார்த்து, ஊர் ஊராகப் போய்ச் சொல்லி, கூட்டத்தன்று வேன் வைத்து ஆட்களைக் கூட்டிப் போக வேண்டும். அன்றைக்குக் கடலுக்குப் போகாதவர்களுக்குக் கூலி போச்சு. அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், தக்க காரணம் சொன்னால் இன்னும் 60 நாள் தருவார்கள், அதோடு கதவு மூடிவிடும். தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய்தான். தகவல் அறியும் உரிமை மனுவுக்கு 10 ரூபாய். கட்டணமா பிரச்சினை? ஜெராக்ஸ், வக்கீல் குமாஸ்தா, எண்ணூரிலிருந்து தீர்ப்பாயம் இருக்கிற சேப்பாக்கத்துக்கு நாலைந்து முறை போய் வருகிற செலவு, போகிற நாளில் போகிற வருமானம். இத்தனைக்கும் நடுவில் நாங்கள் நிரப்பிய விண்ணப்பத்தின் முடிவு எப்போது தெரியும்? ஐந்து மாதம் கழித்து. தேர்வானால் பணம் வர இன்னும் மூன்று மாதம். எட்டு மாதத்தில் ஒரு அனுமதி வந்து, மேல்முறையீட்டுக் காலம் முடிந்து, வேலிபோட்டு மண் கொட்டத் தொடங்கியிருப்பார்கள்.

உள்ளூரில் யாருக்கு என்ன தேவை என்று தெரிந்த ஆலோசகர்களை வைத்து, அவர்கள் கை காட்டுகிறவர்களுக்குச் சின்னச் சின்னத் தொகை கொடுக்கிற குளோபல் கிரீன்கிராண்ட்ஸ் மாதிரி நிதியங்கள் 1993-இலிருந்தே இருக்கின்றன. ஆராய்ச்சி செய்கிற இளைஞர்களுக்கு இங்கிலாந்தின் ரஃபோர்ட் அறக்கட்டளை படிப்படியாகக் கொடுக்கிறது, முதலில் சின்னத் தொகை, அதை ஒழுங்காகச் செய்தால் அடுத்தது, அதற்கு அடுத்தது. இந்தப் படி வைக்கிற முறை எனக்குப் பிடிக்கும். நம் ஊரில் தவளை, வௌவால், கழுதைப்புலி என்று வேலை செய்கிற பல பிள்ளைகள் முதல் களவேலைக்குப் பணம் வாங்கியது அங்கேதான். அசோகா அமைப்பு தேர்வு செய்கிறவர்களுக்கு மூன்று வருடம் வரை வாழ்க்கைச் செலவுக்கே உதவித்தொகை தரும், வேறு வேலைக்குப் போகாமல் முழு நேரமும் இதையே செய்ய. ஆக, வழி தெரியாமல் இல்லை. கழிமுகத்தில் நிற்கிற பெண் வரைக்கும் அது வந்து சேர்வதில்லை என்பதுதான்.

வந்து சேராததற்கு ஒரு காரணம் சட்டம். வெளிநாட்டுப் பணம் வாங்க ஓர் அமைப்பு உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக்குச் சாதாரணமாக மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாயாவது செலவு செய்திருக்க வேண்டும். 15 லட்சம் செலவழிக்க முடிந்தவர்கள் எதற்கு இந்த மாதிரி 3 லட்ச ரூபாய் விருதுக்கு விண்ணப்பம் போடப் போகிறார்கள்? 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற பெரிய அமைப்பு தான் வாங்கிய பணத்தைச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. முன்பெல்லாம் சென்னையில் இருக்கிற ஒரு பெரிய அமைப்பு வாங்கி, ஊரில் இருக்கிற மகளிர் குழுவுக்குக் கொடுக்கும், அந்தக் கிளை வாய்க்கால் அடைபட்டுவிட்டது. கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில், கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சின்னவர்களுக்கு ஒரு சின்ன வாசல் வைத்திருக்கலாம், அதைத்தான் சொல்கிறேன். உள்நாட்டில் பணம் வைத்திருக்கிற நம் ஆட்கள் முன்வந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. கோயில் கும்பாபிஷேகத்துக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் லட்சக்கணக்கில் கொடுக்கிற நம் ஊர்க்காரர்கள், ஓர் ஆற்றைக் காவல் காக்கிற பெண்ணுக்கு மாதம் 15,000 கொடுப்பதைத் தர்மமாக நினைக்கும் காலம் வரவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

இன்னொரு காரணம் பில். பல வருடத்துக்கு முன்னால் நான் கணக்கு பார்த்த ஒரு பையனுக்கு ஒரு நிதியம், பெயர் வேண்டாம், விருது கொடுத்தது. மேடை, சால்வை, கேடயம் எல்லாம் ஆனது. பணம் வர ஏழு மாதம் ஆனது. அதற்குள் அவன் அக்கா நகையை வைத்து வேலையைத் தொடங்கிவிட்டான். பிறகு பணம் வந்தது, கூடவே ஒவ்வொரு செலவுக்கும் ஜிஎஸ்டி பில் கேட்டு மெயிலும் வந்தது. வள்ளத்துக்காரர் ஜிஎஸ்டி பில் கொடுப்பாரா? வவுச்சர் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அவர் கைநாட்டு வாங்கி அனுப்பினேன், ஏற்க மாட்டோம் என்றார்கள். படகுக் கூலியும் டீச்செலவும் சேர்ந்து 41,000 ரூபாய் அவன் கையிலிருந்து போனது. அந்த நகை மீண்டுவர இரண்டு வருடம் ஆயிற்று. அவன் இப்போது ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். கழிமுகத்துப் பக்கம் வருவதில்லை. நல்ல பிள்ளை, நீர்ப்பறவைகளைக் குரலை வைத்தே சொல்வான். விருது வாங்கியதால் அந்த வேலையை விட்ட ஒருவனை நான் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் நல்ல இறால் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான், அதனால் இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர், ஊருக்குள்ளும் இன்றைக்கு இவர்கள் நாளைக்கு அவர்கள் என்று முறை வைத்து வலை போடுவார்கள். எண்ணூர்ப் பக்கமும் இந்தப் பேச்சு உண்டு. 'இன்னிக்கு எங்க பாடு' என்பார்கள். கிடைப்பது ஒருவர் கையிலேயே தங்காது, யாரும் முழுக்கப் பட்டினியும் கிடக்க மாட்டார்கள். இந்த நிதி விருதுகள் ஓர் ஊரிலிருந்து ஓர் ஆளைப் பிடித்து மேலே தூக்குகின்றன, மற்றவர்கள் கீழே நின்று பார்க்கிறார்கள், அப்புறம் 'அவளுக்கு என்னப்பா, ஃபாரின் பணம்' என்ற பேச்சு தொடங்குகிறது. பாடு மாதிரி முறை வைத்து, இந்த வருடம் நோட்டு எழுதுகிறவளுக்கு, அடுத்த வருடம் படகில் கூட்டிப் போகிறவருக்கு, அதற்கடுத்து இறால் தடவுகிற இருளர் பெண்களில் ஒருவருக்கு என்று கொடுத்தால் என்ன? இதை அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அக்கா, பாட்டுல பொம்பளைக்குப் பங்கு கிடையாது, இருளருக்கும் கிடையாது, தலைக்கட்டு ஆம்பளைக்குத்தான்" என்றாள். சரிதான், அந்த முறையிலும் வெளியே நிற்பவர்கள் உண்டு. நான் அழகாகச் சொல்லிக்கொண்டு போனதை அவள் ஒரே வரியில் நிறுத்திவிட்டாள். பிறகு அவளே சொன்னாள், "எல்லாருக்கும் தலைக்கட்டு போட்டா நல்ல முறைதான்." அதை ஒன்பதாவது கேள்விக்குப் பதிலாக எழுதினோம், விருதுத் தொகையை ஊரோடு எப்படிப் பகிர்வீர்கள் என்ற கேள்விக்கு.

பத்தாவது கேள்வி பட்ஜெட். விதிமுறையில் சம்பளத்துக்குப் பணம் கேட்கக் கூடாது என்று இருந்தது. கருவி வாங்கலாம், பயிற்சி நடத்தலாம், பயணம் போகலாம், அறிக்கை அச்சிடலாம். இவள் சாப்பிடக் கூடாது. இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் செய்வதுபோல 'கள ஒருங்கிணைப்புச் செலவு' என்று ஒரு பெயர் வைத்து அதற்குள் அவள் மாதச் செலவை நுழைத்துவிடலாம், எனக்கு அது தெரிந்த வேலைதான். அவள் சம்மதிக்கவில்லை. பொய் சொன்னால் நோட்டில் எழுதியதையும் நாளைக்குப் பொய் என்பார்கள் என்றாள். அதனால் நேராகவே எழுதினோம்: நீரின் உப்பும் அமிலமும் பார்க்கிற கையடக்கக் கருவி ஒன்று, படகுக் கூலி, ஆய்வகப் பரிசோதனை, போன், பேட்டரி, அதோடு மாதம் 14,000 ரூபாய் என் வாழ்க்கைச் செலவு. இந்தத் தொகை இல்லாவிட்டால் நான் மறுபடி வேலைக்குப் போக வேண்டியிருக்கும், அப்போது இந்தப் பதிவுகள் நின்றுவிடும் என்று ஒரு வரி. விதியை மீறியதற்காகத் தள்ளிவிடலாம். படிக்கிற ஒருவராவது விதியை யோசிக்கலாம் என்ற எண்ணம் எனக்கு.

கடைசியில் இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும் என்றார்கள். ஒன்றை ஒரு கல்லூரிப் பேராசிரியை கொடுத்தார். இன்னொன்றுக்கு அவள் ஒரு இருளர் பாட்டியிடம் போனாள். பாட்டிக்கு எழுதத் தெரியாது, சொல்லச் சொல்ல இவள் எழுதி, ரேகை வைத்து வாங்கி வந்தாள். நான் அதை ஆங்கிலத்தில் மாற்றி, தமிழ்ப் பிரதியையும் ஸ்கேன் செய்து சேர்த்தேன். 'இந்தப் பெண் தண்ணிக்குள்ள எங்களோட உக்காந்திருக்கா' என்று தொடங்குகிறது. பதினோரு கேள்விக்கும் நாங்கள் எழுதிய பதில்களை விட அந்த ஒரு பக்கம் நன்றாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினோம். முடிவு வரும்போது வரட்டும். இப்போதைக்கு நாங்கள் ஆறு பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 1000 ரூபாய் போட்டு அவளுடைய படகுக் கூலியையும் ஜெராக்ஸ் செலவையும் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். கணக்கு என் நோட்டில், வவுச்சர் போதும், பில் வேண்டாம். இன்னும் மூன்று பேர் இதே மாதிரி நோட்டு வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் விண்ணப்பம் போட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, தமிழில் அவர்கள் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதித் தர முடிந்தவர்கள் இருந்தால் கருத்துப் பெட்டியில் ஒரு வரி போடுங்கள். வட சென்னைக்கு வர முடியாதவர்கள் போனிலேயே செய்யலாம்.